கறையக்கா வாங்கிய தூண்டில்

முதலில் காலரை முகர்வார். பிறகு கை மடிப்பை. அதற்கப்புறம்தான் சட்டையைக் கொண்டுவந்த ஆளை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே எங்கள் தெருவில் சிலர், சலவைக்குப் போட வேண்டிய துணியை வீட்டிலேயே ஒரு தடவை அலசிவிட்டுத்தான் எடுத்துப்போகிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

சலவைக் கடையின் முன்பக்கத்தில், துணி வாங்கிப் போடும் கவுன்ட்டர்தான் அவருடைய இடம். சட்டையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கறையாக விரல் வைப்பார். "இது மை. இது துரு. இது என்னன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா நல்லா இருக்காது." சொல்லாவிட்டால் துணி கவுன்ட்டரைத் தாண்டாது. துவைத்து வாங்கிப்போன பிறகு 'இந்தக் கறை உங்கள் கடையில்தான் பட்டது' என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டாம். அதற்காக எல்லாவற்றையும் முன்னாலேயே ஆளின் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவது அவர் வழக்கம். சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறுவார். பஸ் டிக்கெட், பல் குத்தும் குச்சி, யாரோ எழுதிக் கொடுத்த போன் நம்பர் என்று விழுவதையெல்லாம் எடுத்துக் கையில் கொடுத்து, "இது உங்களுதுதானே?" என்பார். பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே இஸ்திரி போடுகிறவர்கள் வைத்த பெயர் கறையக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா. 'கறை' முதுகுக்குப் பின்னால்தான். அதுவும் அவருக்குத் தெரியும்.

கடைக்கு வெளியேயும் இதே கதைதான். மழை வருகிறது என்று யாராவது சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார். மணி கேட்டால் இரண்டு பேரிடம் கேட்பார்; இரண்டும் ஒத்துப்போனால் இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று ஒரு யோசனை ஓடும். போன வருஷம் ஒரு டாக்டர், உடம்பில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா நேரே இன்னொரு டாக்டரிடம் போனார். "நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு அந்த மனுஷனுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?"

அவர் குடியிருக்கிற கட்டடத்திலேயே நான் மேல்மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள் என்பதால் என்மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தேகம். ஆனால் படிக்கட்டில் என்னைக் கண்டால் பேசாமல் போகமாட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில்தான் கேட்டேன், ஏன் அக்கா இப்படி யாரையுமே நம்பமாட்டேன் என்கிறீர்கள் என்று. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஏதோ பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதைப்போலச் சொன்னார். "என் வீட்டுக்காரர் ஓவர்டைம், ஓவர்டைம்னு சொல்லிட்டு இன்னொரு குடும்பமே நடத்தினாரு. ஊர்ச் சட்டையெல்லாம் மோந்து பாத்தேன். வீட்டுச் சட்டையை மட்டும் மோந்து பாக்கலை." அதற்குப் பிறகு நான் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை, மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வருகிறவர்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அந்த இருட்டுக் குழிக்குள் தொங்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்குப் போய்விடுவார். அங்கே பாஸ் என்று ஒரு மீன். பச்சை முதுகும் பெரிய வாயுமாக இருக்குமாம், கொக்கியில் மாட்டினால் துள்ளிச் சண்டை போடுமாம். மத்தியானம் வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் இருக்காது. கேட்டால், "பிடிச்சேன், விட்டுட்டேன்" என்பார்.

"பிடிச்ச மீனை எவனாவது விடுவானா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். "பஸ்ல சீட்டு கிடைச்சவன் எந்திரிச்சு நிப்பானா? யாருக்குக் காதுல பூ சுத்துறாரு?"

மாப்பிள்ளையின் துணி அக்காவின் கடைக்குத்தான் சலவைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அவர் எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் என்று இஸ்திரிக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். செதில் இல்லை. வழுவழுப்பு இல்லை. மீன் வாடை மருந்துக்கும் இல்லை. வெயில் வாடையும் கொஞ்சம் புல் வாடையும்தான். இதை அவர் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். மகளிடம் சொன்னார்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முதலில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தவள்தான். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு அவளே, கணவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னாள்: "நீ சொன்னது சரிதான்மா. என் துணியெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சுட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல உன்கூடவே வந்துடுறேன்."

நியாயமாகப் பார்த்தால், தன் பேச்சை ஒருத்தி நம்பிவிட்டாள் என்று அக்கா நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு என் கதவைத் தட்டியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் சந்தேகப்படுறது வேற. அது எனக்குப் பழகிப்போச்சு. அவ சந்தேகப்பட்டா குடும்பமே போயிடுமே" என்றார். மாப்பிள்ளை தப்பானவர் என்றால் மகளை அழைத்து வந்துவிட அவர் தயார். ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும். பின்தொடர்ந்து போனால் அந்த மனுஷர் வேறு வழியில் போய்விடுவார். கூடவே போனால்தான் உண்டு. கையில் தூண்டில் இல்லாமல் போனால் காவல் காக்கப் போனதைப்போலத் தெரிந்துவிடும்.

"நாளைக்குத் தூண்டில் வாங்கப் போறேன். நீயும் வா. எழுதுறவ நீ, எது பொய் எது உண்மைன்னு உனக்குத் தெரியும்."

எனக்கு அப்படியெல்லாம் தெரியாது அக்கா என்றேன்.

"தெரியாட்டியும் பரவாயில்லை. பக்கத்துல நில்லு."

தூண்டில் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கம்புகள் நின்றன. எதிர்ச் சுவரில் ரப்பர் புழுக்களும், ரப்பர் தவளைகளும், பளபளக்கும் பொய் மீன்குஞ்சுகளும் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கின. கடைக்காரர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் தூண்டில் நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்று சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "மீனையே ஏமாத்துறதுக்குக் கடை வெச்சிருக்கான். நம்மளை விடுவானா?"

யாருக்குத் தூண்டில் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றார் அக்கா. பாஸ் மீனுக்கு. புதுசு. கைக்கு அடக்கமான விலையில் வேண்டும்.

அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. அட்டையில் சேர்த்துக் கட்டியிருந்த ஒரு செட்டை எடுத்து வைத்தார். ஆளைவிடக் கொஞ்சம் உயரமான கம்பு. அடியில் தொங்குகிற ரீல். "ஆரம்பிக்கிறவங்களுக்கு இது போதும்மா. ராடும் ரீலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி சேத்தே வருது."

"எதுக்குச் சேத்து விக்கிறீங்க? தனியா விக்க முடியாத ரீலை ராடோட தலையில கட்டிட்டீங்களா?"

"தனித்தனியா வாங்கினா விலை கூடிடும்மா."

"சரி, இது ஏன் தலைகீழா மாட்டியிருக்கு?"

இந்த வகை ரீல் கம்புக்குக் கீழேதான் தொங்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அக்கா அதைத் திருப்பி மேலே வைத்துப் பிடித்துப் பார்த்தார். தையல் மெஷினோ மிக்ஸியோ எதுவாக இருந்தாலும் இயந்திரம் என்பது மேலே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைக்காரர் மறுபடி திருப்பிக் கொடுத்தார். அக்கா மறுபடி திருப்பினார். இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் கீழே தொங்கவிட்டுப் பிடித்து, பாரம் கையிலேயே நிற்பதை உணர்ந்ததும், "ம்" என்றார். ஒப்புக்கொண்டதற்கு அவரிடம் அதற்குமேல் வார்த்தை கிடையாது.

பெட்டியின்மேல் பத்து பேரிங் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "பத்து இருக்கான்னு யாரு எண்ணிப் பாத்தா? கழட்டிக் காட்டுங்க."

"எண்ணிக்கையை விட்டுடுங்கம்மா. அது அட்டைக்காரன் பெருமை. நீங்க கைப்பிடியைச் சுத்திப் பாருங்க. ஆடாம, உரசாம, வழுக்கிட்டுப் போகுதா? அவ்வளவுதான் வேணும்."

அக்கா ரீலைக் காதோடு சேர்த்து வைத்துச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சுற்றினார். பிறகு கம்பைப் பிடித்துக்கொண்டார். மீடியம் என்று எழுதியிருக்கிறதே, யாருக்கு மீடியம்? கடைக்காரர் கம்பின் நுனியைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்திக் காட்டினார். நுனி மட்டும் வளைந்தது, அடிப்பாகம் விறைப்பாகவே நின்றது. மீன் தொட்டால் கைக்குத் தெரிவதற்கு நுனி வளைய வேண்டும், மாட்டிய மீனை இழுப்பதற்கு அடி விறைக்க வேண்டும், ரொம்ப மெல்லிசும் வேண்டாம், உலக்கையும் வேண்டாம் என்றார். அவர் சொன்னது எனக்கே புரிந்தது.

அப்போது அக்கா தோள்பையிலிருந்து ஒரு பழைய நைலான் காலுறையை எடுத்தார். யாரோ சலவைக் கடையில் மறந்துவிட்டுப் போனது. நூல் ஓடுவதற்காகக் கம்பு நெடுக இருக்கும் வளையங்கள் ஒவ்வொன்றிலும் அதை நுழைத்து இழுத்துப் பார்த்தார். ஐந்தாவதோ ஆறாவதோ வளையத்தில் காலுறை சிக்கிக்கொண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அக்கா கடைக்காரரைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

"நான் பஞ்சு வெச்சுப் பாப்பேன். இது இன்னும் நல்லா இருக்கே" என்றார் அவர். உடனே அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

"என்னைப் புகழாதீங்க. விலை ஏறிடும்."

இரண்டாவது கம்பில் காலுறை வழுக்கிக்கொண்டு போனது. அதுவும் அவருக்கு உறுத்தியது. கண்ணாடி அலமாரிக்குள் தனியாக வைத்திருந்த ஒரு கறுப்பு ரீலைக் காட்டி, அது மட்டும் ஏன் கம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார்.

"அது பழகினவங்களுக்கு. வீசும்போது பெருவிரலால நூலை அடக்கிக்கிட்டே இருக்கணும். அடக்கலைன்னா நூல் உள்ளுக்குள்ளயே சுத்திக் குருவிக்கூடா ஆயிடும். விலையும் மூணு மடங்கு. உங்களுக்கு வேண்டாம்மா. ஆம்பளைங்கதான் சொல்லச் சொல்லக் கேக்காம மொதல்லயே அதை வாங்கிட்டுப் போவாங்க."

அக்கா என் முழங்கையைப் பிடித்துக் கடைக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "கேட்டியா? விலை கூடினதை வேண்டாங்கிறான். ஒரு கடைக்காரன் விலை குறைஞ்சதைக் காட்டுறான்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு."

"நல்ல மனுஷராகூட இருக்கலாமே அக்கா."

"இருக்கலாம். அதையும் பாப்போம்."

திரும்பிப்போய், உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "பாஸ் பிடிக்கிறவங்க, பிடிச்ச மீனை விட்டுடுவாங்களாமே?"

"நிறையப் பேர் அப்படித்தாம்மா. பிடிக்கிறதுலதான் சந்தோஷம். ஏரியில மீன் மிஞ்சணும்ல."

அக்காவின் கண் இடுங்கியது. இதே வார்த்தையை மாப்பிள்ளையும் சொல்லியிருக்கிறார். ஆண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடம் பண்ணியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. "எப்படி விடுவாங்க? செஞ்சு காட்டுங்க."

கல்லாவின்மேல் அலங்காரத்துக்கு வைத்திருந்த பெரிய ரப்பர் பாஸ் ஒன்றைக் கடைக்காரர் எடுத்தார். முதலில் கையை நனைக்க வேண்டும். பெருவிரலை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மீன் அசையாது. உடம்பைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது, முதுகு முள் கையைக் கிழித்துவிடும். கொக்கியைக் கழற்றி, தண்ணீருக்குள் இறக்கி, அதுவாக நீந்திப் போகிற வரைக்கும் தாங்கிக்கொள்ள வேண்டும். "ஒரு மீனைப் பிடிச்சவனுக்குக்கூட இது தெரிஞ்சிருக்கும்மா."

அக்கா அதை மூன்று தடவை செய்யச் சொன்னார். பிறகு ரப்பர் மீனைத் தானே வாங்கிச் செய்து பார்த்தார். தூண்டிலும் நூலும் இரண்டு பாக்கெட் ரப்பர் புழுவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ரீலைவிட அந்த ஒரு தகவல்தான் அவருக்குப் பெரிய சரக்கு. "மாப்பிள்ளையை இதைச் செய்யச் சொல்லிப் பாக்கணும். அப்பத் தெரிஞ்சிடும் வண்டவாளம்."

சனிக்கிழமை வரை மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. கொக்கிக்குப் பதிலாக ஒரு கோட்டுப் பொத்தானைக் கட்டிக்கொண்டு வீசினார். முதல் நாள் பொத்தான் அவர் காலடியிலேயே விழுந்தது. இரண்டாம் நாள் கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டுப் படுக்கைவிரிப்பைப் பிடித்தார். மூன்றாம் நாள் பொத்தான் காய்கிற துணிகளுக்கு மேலே பறந்து, நான் ஓரத்தில் வைத்திருந்த வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே, இதில் என்ன கோளாறு என்று ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய், "மாப்பிள்ளை, நாளைக்கு நானும் வரேன்" என்றார். நானும் உடன் இருந்தேன். அந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தை, அங்க ஒரே கொசு. சேறு வேற. கால் வழுக்கும்."

"வழுக்கினா பிடிச்சுக்க நீங்க இருக்கீங்களே."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்று.

மறுநாள் நாங்கள் மூவரும் கிளம்பும்போது மாப்பிள்ளை முன்னால் படியிறங்கிவிட்டார். மகள் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். திறந்திருந்த கதவுக்குப் பின்னால் பெட்டி தெரிந்தது. "எதுவா இருந்தாலும் உண்மையைச் சொல்லும்மா. அவர் பொய் சொல்லியிருக்கார்னா இந்த வீட்டுல நான் இருக்கமாட்டேன். அது என்ன பொய்யா இருந்தாலும் சரி." அவளும் அக்காவின் மகள்தானே. அப்பா போனபோது அவளுக்கும் விவரம் தெரிகிற வயசு.

ஏரிக்கரையில் எங்களுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். தொப்பி போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, "வாங்க லிஃப்ட்டு" என்றார். இன்னொருவர் நகர்ந்து இடம் விட்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கேதான் வருகிறார், வேறு எங்கும் இல்லை. மெதுவாக அக்காவிடம் சொன்னேன்.

"ஆள் வெச்சுப் பேச வெச்சிருக்கலாம்" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

மாப்பிள்ளை உறையிலிருந்து தன் தூண்டிலை எடுத்தார். கம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கறுப்பு ரீல். கடையில் கண்ணாடிக்குள் இருந்ததே, அதன் அண்ணன். பெருமையாக ஓங்கி வீசினார். சர்ரென்று ஒரு சத்தம் வந்து பாதியில் நின்றது. ரப்பர் புழு எங்கோ பக்கத்திலேயே பொத்தென்று விழுந்தது. ரீலுக்குள் நூல் ஒரே சிக்கல். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து அதைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்து முடித்து மறுபடி வீசினார். மறுபடி குருவிக்கூடு. மறுபடி கல். அவர் முகத்தில் எரிச்சல்கூட இல்லை. இதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை என்பதைப்போல நகத்தால் நூலை ஒவ்வொரு சுற்றாக விலக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா மொட்டைமாடியில் வீசிய மாதிரியே வீசினார். புழு நேராகப் போய், நாணல் ஓரத்தில் விழுந்தது. மெல்லச் சுற்றினார். மறுபடி வீசினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது கம்பின் நுனி டொக், டொக் என்று அசைந்தது. அக்கா சட்டென்று திரும்பித் தொப்பிக்காரரைப் பார்த்தார். "யாரோ இழுக்குறாங்க."

"மீன்தாம்மா. விடாதீங்க, சுத்துங்க" என்று அவர் கத்தினார்.

தண்ணீர் உடைந்து ஒரு பச்சை முதுகு மேலே வந்து துள்ளியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். கம்பு வளைந்தது, ரீல் முனகியது, இரண்டும் தாங்கின. கரையோரத்துக்கு வந்ததும், எனக்கு மறந்தேபோன அந்த விஷயம் அவருக்கு மறக்கவில்லை. கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, எடுங்க."

அவர் ஓடிவந்து மண்டி போட்டார். இரண்டு கையாலும் மீனை நடு உடம்பில் இறுக்கிப் பிடித்தார். "ஸ்" என்று கையை உதறினார். முள். மீன் தண்ணீரில் விழுந்தது. மறுபடி வாலைப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவியது. கழுத்தென்று நினைத்து எதையோ பிடித்தார். உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

எத்தனையோ மீனைப் பிடித்து எத்தனையோ மீனை விட்டவர். ஒரு மீனைக்கூட இதுவரை தொட்டதில்லை என்று என் கண்ணுக்கே தெரிந்தது. அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா கம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கையை நனைத்தார். பெருவிரலை மீனின் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்தார். மீன் அடங்கியது. அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "ஒண்ணாவது பிடிச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "இல்லை அத்தை."

"இத்தனை நாளா?"

"ஒண்ணுகூட இல்லை." சட்டையில் படாமல் காயத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "மொத நாள் வெறுங்கையோட போனேன். உங்க பொண்ணு வாசல்லயே நின்னு, பிடிச்சீங்களான்னு கேட்டா. இங்க எல்லாரும் விட்டுட்டேன், விட்டுட்டேன்னுதான் பேசிக்கிறாங்க. நானும் அதையே சொல்லிட்டேன். அவ உடனே மருந்துக்கடையில எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டா, எங்க வீட்டுக்காரர் மீனைக்கூடப் பாவம் பாத்து விட்டுடுவாருன்னு. அன்னைக்கு அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. அதுக்கப்புறம் எப்படி அத்தை மாத்திச் சொல்றது?"

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன அத்தை?"

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். வாயைப் பாதி திறந்துகொண்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த முகத்தை, வெளிச்சத்தில் துணியைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த அசட்டு மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று இருந்தது.

ஆனால் பொய் பொய்தான். என்ன பொய்யாக இருந்தாலும் சரி என்று மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நடந்ததை நடந்தபடியே அக்கா போய்ச் சொன்னால் அவள் இன்றைக்கே கிளம்பிவிடுவாள். கிளம்பிய பிறகு அவளுக்கு எதையும் புரியவைக்க முடியாது, அவளை வளர்த்த விதம் அப்படி. அக்கா என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொய்யைப் பிடித்தவர், கையில் ஒரு முழுப் பொய்யனோடு நின்றார்.

"கையை நனைங்க" என்றார்.

"அத்தை?"

"நனைங்க மாப்பிள்ளை. பெருவிரலை உள்ளே விடுங்க. பயப்படாதீங்க, கடிக்காது, சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான். உதட்டைப் பிடிங்க. நான் விடுறேன்."

மீன் கை மாறியது. மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்திருந்தார். அக்கா குனிந்து கொக்கியைக் கழற்றினார். "இப்பத் தண்ணியில இறக்குங்க. அதுவா போகட்டும்."

மீன் கொஞ்ச நேரம் அவர் கையிலேயே செவுளை அசைத்துக்கொண்டு நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது.

"பிடிச்சீங்க. விட்டீங்க" என்றார் அக்கா. "இதைச் சொல்லுங்க வீட்டுல. அடுத்த வாரம் அந்தக் கறுப்பு ரீலைக் கழட்டி வெச்சுட்டு, என் தூண்டிலை எடுத்துட்டு வாங்க."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். முழங்காலெல்லாம் சேறு. மேலே சட்டை மட்டும், காலையில் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரியே இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கிலெல்லாம் மீனின் வழுவழுப்பு பசையாக ஒட்டியிருந்தது. ஒரு அடி முன்னால் வந்து, வலது உள்ளங்கையை மாப்பிள்ளையின் நெஞ்சில் வைத்து, சட்டைப்பையிலிருந்து வயிறு வரைக்கும் அழுத்தித் துடைத்தார்.

"அத்தை, சட்டை..."

"சும்மா நில்லுங்க."

பிறகு குனிந்து, மூக்கை அந்த இடத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். போதவில்லை போலிருக்கிறது. இடது கையையும் எடுத்து, காலரில் துடைத்தார்.